கணக்கு யார் கையில்?

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பை நாடிப் பிற நாடு செல்லும் மனிதனுக்கு முதன்முதலில் வேண்டுவன எவை? உண்ண உணவு, ஒதுங்க ஓர் இடம், உழைக்க ஒரு வேலை என்று உடனே விடை வரும். இம்மூன்றும் உண்மையே. ஆயின், நான்காவதாக ஒன்று உண்டு. அதனை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலர். உழைத்துப் பெற்ற ஊதியம் வந்து சேர்வதற்குத் தன் பெயரில், தானே தேர்ந்தெடுத்த ஒரு வங்கிக் கணக்கே அது. முன்னைய மூன்றும் இல்லையேல் வாழ்வு இல்லை; நான்காவது இல்லையேல் வாழ்ந்ததற்குப் பயன் இல்லை.

தமிழகத்திலிருந்து மலேசியாவிற்கு வேலைக்கு வரும் இளைஞன் ஒருவனை எண்ணிப் பார்ப்போர்க்கு இவ்வுண்மை விளங்கும். வானூர்தி நிலையத்தில் அவனை எதிர்கொள்பவர் முகவர். வேலை அனுமதி முத்திரை பதிக்க வேண்டும் என்று சொல்லி அவனுடைய கடப்பிதழ் வாங்கப்படுகிறது. சில கிழமைகள் சென்றபின் அவனும் அவனைப் போன்ற ஐந்தாறு பேரும் ஒரு வண்டியில் ஏற்றப்பட்டு ஒரு வங்கியின் முன் இறக்கப்படுகின்றனர். எந்த வங்கி, ஏன் அந்த வங்கி என்று அவன் கேட்பதில்லை. எவரும் சொல்வதும் இல்லை. காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்திடுகிறான். திரும்பி வரும்போது, பணம் எடுக்கும் அட்டையும் அதன் மறைவெண்ணும் முதலாளியின் மேசை இழுப்பறைக்குள் அடங்கிவிடுகின்றன. "பத்திரமா இருக்கட்டும் தம்பி, வேணும்போது கேட்டு வாங்கிக்கோ" என்ற ஒரு சொல்லோடு காரியம் முடிந்துவிடுகிறது.

எல்லா முதலாளிகளும் இத்தகையோர் அல்லர். தொழிலாளியைத் தாமே வங்கிக்கு அழைத்துச் சென்று, அட்டையை அவன் கையிலேயே கொடுத்து, அதனைப் பயன்படுத்தும் முறையையும் பொறுமையோடு கற்பிக்கும் நல்லோரும் இந்நாட்டில் உளர். அவர்களைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. அட்டையை வாங்கி வைத்துக்கொள்வதை ஒரு குற்றமாகவே கருதாத வழக்கமும், அதனைக் கண்டும் காணாததுபோல் வாளாவிருக்கும் சமுதாயமுமே இங்குக் கண்டனத்திற்கு உரியன.

இவ்வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. இரப்பர்த் தோட்டங்களைத் தமிழர் தம் வியர்வையால் வளர்த்த காலத்தில் கங்காணி என்பவர் இருந்தார். ஊருக்குச் சென்று ஆள் திரட்டி வந்தவர் அவரே. தம் ஆட்கள் வேலைக்கு வந்த நாள் ஒவ்வொன்றுக்கும் தலைக்காசு என்னும் பெயரில் அவருக்கு ஒரு தொகை கிடைத்தது. உழைத்தவன் ஒருவன், அவன் தலையை எண்ணிக் காசு பெற்றவர் மற்றொருவர். தொடக்க காலத்தில் வழிச்செலவுக்குத் தந்த முன்பணம் கங்காணியின் ஏட்டில் கடனாக நின்றது. எழுதியவர் அவர், கூட்டியவர் அவர், கழித்தவரும் அவர். கைநாட்டு வைத்தவன் மட்டும் தோட்டத் தொழிலாளி. 1938-ஆம் ஆண்டில், உதவி பெற்று மலாயாவிற்குச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு தடுத்தது. கங்காணி வழி ஆள் திரட்டலும் அத்துடன் முடிவுற்றது. ஆனால், பிறனுடைய கணக்கைத் தன் கையில் வைத்திருக்கும் மனப்பான்மை முடிவுற்றதா? ஏடு போய் அட்டை வந்தது. கைநாட்டுப் போய் மறைவெண் வந்தது. இழுப்பறை மட்டும் மாறவில்லை.

சட்டம் இதற்கு இடம் தருகிறதா எனின், இல்லை. 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம், ஊதியத்தைத் தொழிலாளியின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கின் வழியாகச் செலுத்துவதையே பொது நெறியாகக் கொண்டுள்ளது. ஊதியக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் ஊதியம் தரப்பட வேண்டும் என்கிறது. பெற்ற ஊதியத்தை இந்த இடத்தில்தான், இந்த முறையில்தான் செலவிட வேண்டும் என்று முதலாளி விதிப்பதை அது ஏற்பதில்லை. முன்பணத்திற்கு வட்டி பிடிப்பதையும் அது தடுக்கிறது. பிறருடைய கடப்பிதழை உரிய அதிகாரம் இன்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றமாகும். கடப்பிதழைப் பற்றி இங்குக் கூறுவதற்குக் காரணம் உண்டு. அயல்நாட்டுத் தொழிலாளி கணக்குத் திறக்கச் சென்றால் வங்கி கேட்பது அவனுடைய கடப்பிதழையும், செல்லுபடியாகும் வேலை அனுமதியையும், பொதுவாக முதலாளியின் கடிதத்தையுமே. கடப்பிதழ் பிறர் கையில் இருக்கும்வரை தானே ஒரு வங்கியைத் தேடிச் சென்று கணக்குத் திறக்க அவனால் இயலாது. ஒரு பூட்டுக்குள் மற்றொரு பூட்டு என்பது இதுதான்.

இவ்வழக்கத்திற்குச் சார்பாக மூன்று வாதங்கள் கூறப்படுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்தல் தகும்.

'அவன் படிப்பறிவு குறைந்தவன். வங்கி நடைமுறை அவனுக்கு எப்படி விளங்கும்?' என்பது முதல் வாதம். கல்வியில்லாதவனுக்குக் கணக்குத் தெரியாது என்று எவர் சொன்னது? தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நிற்கும் நிலை வந்தபோது, 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். அதில் பங்கு எடுத்தவர் யாவர்? பால்மரம் வெட்டியவரும் புல் வெட்டியவரும் அல்லரோ! சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தைத் திரட்டி, தாம் கூலிகளாக நின்ற தோட்டங்களையே விலைக்கு வாங்கிய கூட்டம் அது. இந்த மக்களுக்கா கணக்கு விளங்காது? தமிழகத்திலிருந்து இன்று வரும் இளைஞனோ பெரும்பாலும் பள்ளி கண்டவன்; கைப்பேசியில் உலகைக் காண்பவன். அவனுக்கு விளங்காது என்பதைவிட, விளங்க வேண்டா என்று சிலர் கருதுகின்றனர் என்பதே பொருந்தும்.

'அவன் இரண்டு மூன்று ஆண்டுகளில் திரும்பிப் போகிறவன். அவனுக்கு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?' என்பது இரண்டாம் வாதம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று ஆன்றோர் சொன்னது ஆற்றங்கரையில் நிலையாகக் குடியிருப்பவனுக்கு மட்டும் அன்று. குறுகிய காலம் தங்குபவனுக்குத்தான் ஒவ்வொரு காசும் பெரிது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2025-இல் மலேசியாவின் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதில் ஒருவன் 1,000 வெள்ளியை ஊருக்கு அனுப்புகிறான் என்று கொள்வோம். ஒரு வெள்ளிக்குக் கிடைக்க வேண்டிய ரூபாயில் 50 பைசா குறைந்தாலும் மாதம் 500 ரூபாய் போயிற்று. மூன்று ஆண்டுகளில் 18,000 ரூபாய்! கட்டணம் என்ற பெயர்கூட இல்லாமல், மாற்று விகிதம் என்ற திரைக்குப் பின்னால் கரையும் தொகை இது. ஒரு தங்கையின் கல்லூரிக் கட்டணமாகவோ ஒரு தாயின் கண் அறுவைச் செலவாகவோ ஆகியிருக்கக் கூடிய பணம் அன்றோ அது!

'முதலாளி தமிழர், நம்மவர். நம்பிக்கை போதாதா?' என்பது மூன்றாம் வாதம். மூன்றிலும் கொடியது இதுவே. நம்பிக்கை நல்ல பண்புதான். ஆனால், நம்பிக்கையின் பெயரால் கணக்கை மறைப்பவர் நம்பிக்கையைத்தான் கொல்கின்றனர். கடல்கடந்து வணிகம் செய்த நகரத்தார் தம் உறவினரோடு நடத்திய கொடுக்கல் வாங்கலையும் ஏட்டில் எழுதியே வைத்தனர். உறவு வேறு, வரவு வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அந்த மரபில் வந்த எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார் 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தோற்றுவித்தபோது, காரைக்குடி, சென்னை ஆகிய ஊர்களோடு கடலுக்கு அப்பாலிருந்த இரங்கூனிலும் ஒரே நாளில் கிளை திறக்கப்பட்டது. கடல்கடந்த தமிழனுக்குத் தக்க வங்கி இன்றியமையாதது என்பதை ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழர் உணர்ந்திருந்தார். இன்றைய தமிழ் முதலாளி, தம் இழுப்பறையே வங்கி என்கிறார். இது வளர்ச்சியா, வீழ்ச்சியா?

ஆகவே, புதிதாக வந்தவன் கணக்கைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். எதனை வைத்துத் தேர்ந்தெடுப்பது? அருகிலிருப்பது, நண்பன் வைத்திருப்பது, முகவர் காட்டியது ஆகிய மூன்றும் அளவுகோல்கள் ஆகா.

முதலில் பார்க்க வேண்டியது காப்பு. மலேசிய வைப்புநிதிக் காப்புறுதிக் கழகம் 2005-இல் நிறுவப்பட்டது. அதன் உறுப்பு வங்கி ஒன்றில் ஒருவர் வைத்திருக்கும் தொகைக்கு 2,50,000 வெள்ளிவரை காப்பு உண்டு. அந்த வங்கியே வீழ்ந்தாலும் சேமித்தவன் வீழமாட்டான். இக்காப்பின் அருமை பழைய தலைமுறைக்குத் தெரியும். 1986-இல் 24 வைப்புநிதிக் கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டபோது, வாழ்நாள் சேமிப்பை அவற்றில் வைத்திருந்த சிறு சேமிப்பாளர்கள் கலங்கி நின்ற காட்சியை அத்தலைமுறை மறக்கவில்லை. கூட்டு என்று மக்கள் வழங்கும் சீட்டுப் பிடிப்பதையும் 1971-ஆம் ஆண்டிலேயே சட்டம் தடுத்துவிட்டது. தடுக்கப்பட்ட ஒன்றில் பணத்தைப் போட்டு இழந்தவன் எந்தக் கதவைப் போய்த் தட்டுவான்?

இரண்டாவது செலவு. கணக்கில் எவ்வளவு எப்போதும் இருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் என்ன கழிப்பார்கள், அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் உண்டா, வேறு வங்கியின் பொறியில் பணம் எடுத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பவற்றைக் கையெழுத்திடும் முன்பே கேட்க வேண்டும். கேட்பது வெட்கம் அன்று. கேளாமல் இழப்பதே வெட்கம். அதிக வட்டி தருவதாகக் கூறும் கணக்கைவிடக் குறைந்த கட்டணம் பிடிக்கும் கணக்கே சிறு ஊதியக்காரனுக்கு நன்மை தரும். ஏனெனில் மாத முடிவில் அவன் கணக்கில் வட்டி சேரும் அளவுக்கு மிஞ்சுவது சிறிதே.

மூன்றாவது ஆட்சி. கணக்கு தன் பெயரில் இருந்தால் மட்டும் போதாது. அதனை ஆள்வதும் தானாக இருக்க வேண்டும். இக்காலத்தில் இதனை முடிவு செய்வது கைப்பேசி எண். கணக்குத் திறக்கும் படிவத்தில் எவருடைய எண் எழுதப்படுகிறதோ அவரிடமே வங்கியின் செய்திகள் செல்கின்றன. பணத்தை நகர்த்துவதற்கான ஒப்புதலும் பெரும்பாலும் அந்தக் கைப்பேசியின் வழியே நடைபெறுகிறது. அங்கு முகவரின் எண் எழுதப்பட்டிருந்தால் பெயர் தொழிலாளியுடையது, கணக்கு முகவருடையது. ஒரே வரியில் எழுதப்படும் அந்த இலக்கங்களைக் கவனியாதவன் தன் உழைப்பையே கவனியாதவன் ஆகிறான். வேலை அனுமதி புதுப்பிக்கப்படும்போது அதனை வங்கிக்குத் தெரிவிக்கவும் வேண்டும்; அனுமதிக் காலம் முடிந்துவிட்டதாக ஏட்டில் இருந்தால் வங்கி கணக்கை நிறுத்திவைக்கக் கூடும்.

நான்காவது, ஊருக்கு அனுப்பும் வழி. உண்டியல்காரரிடம் கொடுத்தால் விரைவில் போய்ச் சேருகிறது என்பர். சேராதபோது என்ன செய்வது என்று அவர்கள் சொல்வதில்லை. 2011-ஆம் ஆண்டின் பணச் சேவைத் தொழில் சட்டம் உரிமம் பெற்றோரையே இத்தொழிலில் அனுமதிக்கிறது. உரிமம் பெற்ற நிறுவனமோ வங்கியோ தரும் இரசீது ஒரு துண்டுத்தாள் அன்று. அஃது ஒரு சான்று. அனுப்பும் கட்டணத்தை மட்டும் பாராமல், இறுதியில் எத்தனை ரூபாய் ஊர்க் கணக்கில் விழும் என்று கேட்பவனே ஏமாறமாட்டான்.

ஊரில் எந்தக் கணக்கில் விழுவது என்பதும் தேர்வுக்கு உரியதே. அயல்நாட்டில் வேலை ஏற்று வெளிநாடுவாழ் இந்தியர் என்ற நிலையை அடைந்தவர், தம் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே விட்டுவிடலாகாது. இந்தியாவின் 1999-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்கீழ் அதனை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வெளிநாட்டில் ஈட்டிய பணத்திற்கென என்.ஆர்.இ. என்னும் கணக்கு உண்டு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. அதிலுள்ள பணத்தைத் தடையின்றி மீண்டும் வெளிநாட்டிற்கு எடுத்துச் செல்லவும் இயலும். என்.ஆர்.ஓ. கணக்கின் வட்டிக்கோ வரி பிடிக்கப்படுகிறது. அனுப்பும் பணம் முழுவதையும் வீட்டாரின் கணக்கிற்கே அனுப்பிவிட்டுப் பத்தாண்டு கழித்து வெறுங்கையோடு ஊர் திரும்பித் திண்ணையில் அமரும் மனிதர்கள் உண்டு. குடும்பத்தைக் காப்பது கடமை. ஆனால், அதில் ஒரு பங்கைத் தன் பெயரில் ஒதுக்கி வைப்பது தன்னலம் ஆகாது. முதுமையில் குடும்பத்திற்குச் சுமையாகாமல் இருப்பதற்கான முன்னறிவு அது.

இவற்றையெல்லாம் எவரும் கற்பிக்காததால் விளையும் கேடு பண இழப்போடு நிற்பதில்லை. "உன் அட்டையைக் கொடு, சில நூறு வெள்ளி தருகிறேன்" என்று கேட்டு வரும் கயவர் கூட்டம் ஒன்று உண்டு. அந்தக் கணக்கின் வழியே மோசடிப் பணம் பாய்கிறது. பிடிபடும்போது காவல்துறையின் கையில் முதலில் கிடைப்பது கணக்குக்கு உரியவனின் பெயரே. கயவனின் பெயர் அன்று. இத்தகைய குற்றத்தை ஒடுக்கவென்றே 2024-இல் மலேசியத் தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. தன் அட்டையைப் பிறர் கையில் கொடுப்பது இயல்பானதே என்று முதலாளியின் இழுப்பறையில் பாடம் கற்றவன், அதே அட்டையை அந்நியனிடம் கொடுக்க ஏன் தயங்குவான்? இழுப்பறை வழக்கம் சிறைச்சாலை வாசல்வரை கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அண்டை நாடாகிய சிங்கப்பூரில் 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில், விடுதிகளில் அடைபட்டிருந்த அயல்நாட்டுத் தொழிலாளருக்கு ஊதியத்தை மின்வழியே கணக்கில் செலுத்த வேண்டும் என்று அரசு விதித்தது. கையில் காசாகக் கொடுப்பதே நடைமுறைக்கு ஏற்றது என்று வாதிட்டோரின் வாதம் அன்றோடு வலுவிழந்தது. 2023-இல் அந்நாட்டின் உடனடிப் பணமாற்று முறை இந்தியாவின் யு.பி.ஐ. முறையோடு இணைக்கப்பட்டது. வழிகள் இவ்வாறு அகன்றுகொண்டே போகின்றன. ஆனால், அட்டையும் கைப்பேசி எண்ணும் தன்னிடம் இல்லாதவனுக்கு எத்தனை வழி திறந்தென்ன? அகன்ற சாலையின் ஓரத்தில் கால் கட்டப்பட்டு நிற்பவன் அவன்.

வங்கிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. தொழிலாளியைத் தனியே அமர்த்தி, அட்டை உன் கையில் இருக்க வேண்டும் என்று அவனுக்கு விளங்கும் மொழியில் ஒரு சொல் சொல்வதற்கு ஐந்து நிமிடம் போதும். அழைத்து வந்த முகவரையே அவனுக்காகப் பேசவிட்டு, அவர் நீட்டும் படிவத்தை அப்படியே ஏற்பது வாடிக்கையாளர் சேவை ஆகாது.

அனைவரினும் மிகுந்த பொறுப்பு இந்நாட்டுத் தமிழ்ச் சமுதாயத்திற்கே உண்டு. கோயில்கள் உள்ளன, சங்கங்கள் உள்ளன, தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. திருவிழாப் பந்தலில் ஆயிரம் பேருக்கு அன்னமிடும் கோயில், அதே பந்தலின் ஓரத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் இட்டு, வங்கிப் படிவத்தை நிரப்பக் கற்றுத் தரலாகாதா? விடுமுறை நாளில் பூட்டிக் கிடக்கும் பள்ளி மண்டபத்தில் மாதம் ஒரு முறை இரண்டு மணி நேரம் இதற்கென ஒதுக்கலாகாதா? படிவம், கட்டணம், கைப்பேசி எண், இரசீது ஆகிய நான்கையும் கற்பிக்கப் பெரிய அறிஞர் வேண்டா. பணி ஓய்வு பெற்ற ஓர் எழுத்தரும் மனமுள்ள ஓர் ஆசிரியரும் போதும். பொன்னாடைக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதி இதற்குப் போதும்.

இன்று இந்நாட்டுக் குடிமக்களாகத் தலைநிமிர்ந்து நிற்கும் தமிழர் பலருடைய பாட்டன்மார் ஒரு நாள் கப்பலிலிருந்து இறங்கியவர்களே. அவர்களுடைய கணக்கு அவர்கள் கையில் இருந்திருந்தால் எத்தனை தலைமுறைத் துயர் தவிர்ந்திருக்கும்! அந்தப் பாட்டன்மாரின் பேரர்கள், இன்று வானூர்தியிலிருந்து இறங்கும் இளைஞனின் அட்டையை வாங்கி இழுப்பறையில் பூட்டுவார்களாயின், வரலாறு அவர்களுக்கு எதனையும் கற்பிக்கவில்லை என்றே பொருள்.

இழுப்பறைகள் திறக்கப்பட வேண்டும். அட்டைகள் உரியவர் கைக்குத் திரும்ப வேண்டும். உழைத்தவன் கணக்கு உழைத்தவன் கையில் இருக்கட்டும்!